கர்நாடக இசை வினாடி வினா: எந்தெந்த வாக்கேயக்காரர்களைச் சேர்ப்பது?

மயூரவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மயிலாடுதுறையில் எங்கள் இசை ரசிகர் மன்றம் தியாகராஜ ஆராதனையையொட்டிக் கர்நாடக இசை வினாடி வினா ஒன்றை நடத்தவிருக்கிறது. பாட்டு வகுப்புக்குச் செல்லும் பள்ளி மாணவர்களும் நெடுங்காலமாகக் கச்சேரி கேட்டுவரும் பெரியவர்களும் ஒரே அணியில் கலந்து அமர்வார்கள். மொத்தம் நாற்பது கேள்விகள்; அவற்றுள் பத்து, பாடலின் ஒரு பகுதியை ஒலிக்கச் செய்து கேட்பவை. கேள்வித்தாளைத் தயாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்துள்ளது. இராகம், தாளம், வாத்தியங்கள் ஆகிய பகுதிகள் எளிதாக முடிந்துவிட்டன. வாக்கேயக்காரர்கள், அதாவது பாடல்களை இயற்றி இசையமைத்தவர்கள், பகுதியில்தான் குழுவுக்குள் கருத்து ஒன்றுபடவில்லை.

மும்மூர்த்திகளும் (தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி) புரந்தரதாசரும் இருந்தால் போதும், மாணவர்கள் படிப்பது அவர்களுடைய உருப்படிகளைத்தான் என்கிறார் ஒருவர். அப்படிச் செய்தால், சீர்காழியும் தில்லையாடியும் கூப்பிடு தூரத்தில் இருக்க, முத்துத்தாண்டவரையும் அருணாசலக் கவிராயரையும் விட்டுவிட்டு மயிலாடுதுறையில் எப்படிப் போட்டி நடத்துவது என்று இன்னொருவர் கேட்கிறார். பாரதியாரையும் அம்புஜம் கிருஷ்ணாவையும் சேர்க்க வேண்டும் என்று ஒரு கோரிக்கை. இளையராஜாவைச் சேர்த்தால்தான் பிள்ளைகள் ஆர்வமாக வருவார்கள் என்று மற்றொரு கோரிக்கை. மொஸார்ட்டும் பேத்தோவனும் செவ்வியல் இசைதானே என்று கேட்டவரும் உண்டு. அவருக்குப் போட்டியின் பெயரிலேயே விடை இருக்கிறது என்று சொல்லி முடித்துக்கொண்டேன்.

ஏறத்தாழ இருபது பெயர்களுக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பதற்கு மேடையில் எவரும் எழுந்து நின்று ஆட்சேபிக்க முடியாத ஓர் அளவுகோல் இருந்தால் சொல்லுங்கள். ஊர் அபிமானத்தால் கோபாலகிருஷ்ண பாரதியாருக்கு மட்டும் மூன்று கேள்விகள் எழுதி வைத்திருக்கிறேன் என்பதையும் முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறேன்.

சுருதிபெட்டி

இசைக் கல்லூரியில் பாடம் நடத்துபவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன். 'வாக்கேயக்காரர்' என்று தலைப்பிட்டால் அந்தச் சொல்லுக்குரிய இலக்கணத்தையே அளவுகோலாகக் கொள்ளலாம். பாட்டையும் மெட்டையும் ஒருவரே செய்திருக்க வேண்டும். இந்த அளவுகோலில் தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி ஆகிய மூவரும் தடையின்றித் தேறுவார்கள். அவர்களுக்குப் பிறகு சுப்பராய சாஸ்திரி, பட்டணம் சுப்பிரமணிய ஐயர், அவருடைய சீடர் மைசூர் வாசுதேவாச்சாரியார், ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர், கோடீஸ்வர ஐயர், பாபநாசம் சிவன் என்று வரிசை தானாக அமைந்துவிடும். இவர்களுள் சுப்பராய சாஸ்திரியை (1803–1862) எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். சியாமா சாஸ்திரியின் மகனாகப் பிறந்து, தந்தையிடமும் தியாகராஜரிடமும் தீட்சிதரிடமும் பாடம் கேட்ட ஒரே வாக்கேயக்காரர் என்பதால், 'மும்மூர்த்திகள் மூவரிடமும் பயின்றவர் யார்?' என்ற கேள்வி இதுபோன்ற போட்டிக்கென்றே பிறந்தது. ரீதிகௌளை இராகத்தில் 'ஜனனி நின்னுவினா'வைக் கேட்டிருக்கும் பெரியவர்களில் பலருக்கும் அதை இயற்றியவரின் பெயர் சட்டென்று நினைவுக்கு வராது.

இதே அளவுகோலை அன்னமாச்சாரியாரிடம் வைத்தால் சிக்கல் தொடங்குகிறது. 1408இல் பிறந்து 1503 வரை வாழ்ந்த அவருடைய சங்கீர்த்தனங்கள் திருமலையில் செப்பேடுகளில் கிடைத்தன. அவற்றில் இராகப் பெயர் உண்டு, சுரக்குறிப்பு இல்லை. இன்று நாம் கேட்கும் மெட்டுகளில் பெரும்பாலானவை இருபதாம் நூற்றாண்டில் ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா, நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி போன்றவர்கள் அமைத்தவை. எனவே அவருடைய பாடலை ஒலிக்கவிட்டு 'இயற்றியவர் யார்?' என்று கேட்டால், அணியினர் சரியான விடை சொன்னாலும் அது பாட்டுக்கு மட்டுமே பொருந்துகிறது, காதில் விழுந்த மெட்டுக்குப் பொருந்துவதில்லை. முத்துத்தாண்டவருடைய நிலையும் பெரும்பாலும் இதுதான்.

பாரதியாரையும் அம்புஜம் கிருஷ்ணாவையும் இந்தப் பட்டியலில் சேர்க்காமல், 'சாகித்யம் ஒருவர், மெட்டு மற்றொருவர்' என்று தனிச் சுற்றாக வையுங்கள். 'சின்னஞ்சிறு கிளியே' இன்று நமக்குப் பழகிய இராகமாலிகையில் இருப்பதற்கு சி.ஆர். சுப்பராமன் காரணம், 1951இல் வெளிவந்த 'மணமகள்' படத்துக்காக அவர் அமைத்த மெட்டு கச்சேரி மேடையிலும் நிலைத்துவிட்டது. அதைப் பாரதியார் மெட்டு என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் அநேகர்.

வினாப்பித்தன்

சுருதிபெட்டி ஐயாவின் இலக்கணத்தில் குறை காண எனக்குத் தகுதி இல்லை. ஆனால் வாக்கேயக்காரர் பட்டியல் தயாரிப்பது ஒரு வேலை, வினாடி வினாவுக்குப் பட்டியல் தயாரிப்பது வேறொரு வேலை. பல ஊர்களில் கேள்வி கேட்கும் நாற்காலியில் அமர்ந்தவன் என்பதால் சொல்கிறேன்: எவ்வளவு பெரியவராக இருந்தாலும், அவரைப் பற்றிச் சர்ச்சைக்கு இடமில்லாத ஒரே ஒரு விடை உள்ள கேள்வியை எழுத முடியுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முடியவில்லை என்றால், அவர் மேடைக்கு வேண்டுமானால் வரலாம், கேள்வித்தாளுக்கு வரக்கூடாது.

தீட்சிதரையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பிறந்த ஆண்டைக் கேட்டால் பாதிப் பேர் 1775 என்பார்கள், மீதிப் பேர் 1776 என்பார்கள். இரண்டும் அச்சில் இருக்கின்றன. குழப்பத்துக்குக் காரணம் எளிது. அவர் பிறந்தது மன்மத வருடம் பங்குனி மாதம் கிருத்திகை நட்சத்திரத்தில் என்பது குடும்ப வழிச் செய்தி. மன்மத வருடம் 1775 ஏப்ரலில் தொடங்குகிறது. அதன் கடைசி மாதமான பங்குனியோ 1776 மார்ச்சில் வருகிறது. வருடத்தை மட்டும் பார்த்து மாற்றியவர் ஓர் எண்ணையும், மாதத்தையும் சேர்த்துப் பார்த்தவர் மற்றோர் எண்ணையும் எழுதிவிட்டார்கள். நடுவர் எதை ஏற்றாலும் தோற்ற அணி புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு வந்துவிடும். தீட்சிதர் ஹம்ஸத்வனியில் 'வாதாபி கணபதிம்' பாடினார், அந்த இராகத்தை உருவாக்கியவர் அவருடைய தந்தை இராமசுவாமி தீட்சிதர் என்று கேளுங்கள்; ஒரு தகராறும் வராது. மாணவர்களுக்குப் பிடித்ததாக ஒன்று வேண்டுமென்றால், 'சந்ததம் பாஹி மாம்' என்ற நோட்டுஸ்வர சாகித்யத்தை ஒலிக்கவிட்டு, எந்த நாட்டு மன்னருக்கான வாழ்த்துப்பாடலின் மெட்டு அது என்று கேட்கலாம். மேற்கத்திய இசையைச் சேர்க்கச் சொன்னவருக்கும் அதில் ஒரு பங்கு கிடைத்துவிடும்.

முத்திரையை, அதாவது இயற்றியவர் தம் அடையாளமாகப் பாட்டுக்குள் வைக்கும் சொல்லை, வைத்துக் கேட்கும் கேள்விகள் ஒலிச்சுற்றுக்கு மிகவும் ஏற்றவை. ஆனால் எந்த முத்திரை தனித்து நிற்கிறது, எது இருவருக்குப் பொதுவானது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 'குருகுஹ', 'சியாம கிருஷ்ண', 'புரந்தர விட்டல' போன்றவற்றை மாணவர்கள் எளிதில் பிடித்துவிடுவார்கள். 'இராமதாச' என்பது பத்ராசலம் இராமதாசருக்கும் உரியது, பாபநாசம் சிவனுக்கும் உரியது. எனவே அந்தச் சொல்லை மட்டும் கொடுத்துவிட்டுப் பெயரைக் கேட்கக்கூடாது, பாடலின் மொழியும் காதில் விழும்படி நீளமாக ஒலிக்கவிட வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது கமாஸில் அமைந்த 'ப்ரோசேவாரெவருரா'. பல்லவியைக் கேட்டவுடன் தியாகராஜர் என்று பெல்லை அடித்துவிடும் அணி ஒன்றாவது எல்லா ஊரிலும் இருக்கும். நீங்கள் பல்லவியை விட்டுவிட்டுச் சரணத்தின் கடைசிப் பகுதியை மட்டும் போடுங்கள். 'கரிராஜுனி' என்று கஜேந்திரன் கதையைச் சொல்லிக்கொண்டே வந்து 'வாசுதேவுடவு' என்று பாடகர் நிறுத்தும் இடத்தில் ஒலியை நிறுத்திவிட்டால், இயற்றியவரின் பெயர் பாட்டிலேயே இருக்கும். கவனித்துக் கேட்டவனுக்கு மதிப்பெண், அவசரப்பட்டவனுக்குப் பாடம்.

இளையராஜாவைச் சேர்க்கும் விஷயத்தில் எனக்கு மறுப்பு இல்லை, இடம்தான் முக்கியம். தியாகராஜருடைய 'மரி மரி நின்னே' காம்போதியில் உள்ள கிருதி. 1985இல் வந்த 'சிந்து பைரவி' படத்தில் இளையராஜா அதைச் சாரமதியில் அமைத்தார். ஆகவே 'மரி மரி நின்னே எந்த இராகம்?' என்று மொட்டையாகக் கேட்டால் இரண்டு விடைகளுக்கும் ஆதாரம் இருக்கும். 'தியாகராஜரின் காம்போதிக் கிருதியைத் திரைக்காக வேறு இராகத்தில் அமைத்தவர் யார், அது எந்த இராகம்?' என்று கேட்டால் பிள்ளைகளும் பெரியவர்களும் கலந்த அணியில் இருவரும் சேர்ந்துதான் விடை சொல்ல வேண்டியிருக்கும். போட்டியின் நோக்கமும் அதுதானே.

காரைமடந்தை

மயூரவாசி ஐயா, பட்டியல் வளர்ந்துகொண்டே போகிறது, ஆனால் இதுவரை வந்த பெயர்களில் ஒரே ஒரு பெண்தான் இருக்கிறார். அவரையும் சுருதிபெட்டி ஐயா தனிச் சுற்றுக்கு அனுப்பிவிட்டார். பாட்டு வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண் பிள்ளைகள் என்பதைக் குழுவில் யாராவது எண்ணிப் பார்த்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

நான் காரைக்காலில் இருந்து எழுதுகிறேன் என்பதால் காரைக்கால் அம்மையாரிலிருந்தே தொடங்குகிறேன். திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டும் நட்டபாடை, இந்தளம் என்ற பண்களில் வழங்குகின்றன. தேவார மூவருக்கும் முற்பட்டவர் அவர். இசைக்குப் பதிகம் பாடும் மரபின் வாசலில் நிற்கும் அவரைப் பற்றி, உங்கள் ஊருக்கு அருகிலேயே நடக்கும் போட்டியில் ஒரு கேள்வியாவது இருக்கக்கூடாதா? அடுத்து ஆண்டாள். திருப்பாவையின் முப்பது பாசுரங்களுக்கும் இன்று மேடையில் வழங்கும் இராகங்களை அமைத்தவர் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார். 'மார்கழித் திங்கள்' நாட்டையில் தொடங்குவது மார்கழியில் எல்லோர் காதிலும் விழுகிறது. பாடியவர், மெட்டமைத்தவர் என இரண்டு பெயரையும் கேட்டால் அரை மதிப்பெண் வீதம் கொடுக்கலாம்.

பாட்டும் மெட்டும் ஒருவரே செய்திருக்க வேண்டும் என்ற விதியைக் கண்டிப்பாகப் பிடித்தால் மேலே சொன்ன இருவரும் வெளியே போய்விடுவார்கள், அம்புஜம் கிருஷ்ணா (1917–1989) வெளியே போய்விடுவார், முத்துத்தாண்டவரும் போய்விடுவார், தமிழில் பாடியவர்களில் பாதிப் பேர் வாசலில் நிற்பார்கள். சுரப்படுத்தி வைக்கச் சீடர்கள் வாய்த்தவர்களுக்கு மெட்டு தங்கியது. தியாகராஜருக்கு வாலாஜாப்பேட்டையிலும் உமையாள்புரத்திலும் தில்லைஸ்தானத்திலும் சீடர் பரம்பரை அமைந்தது. தீட்சிதருக்கு அவர் குடும்பத்தில் வந்த சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்திலிருந்து 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை வெளியிட்டார். அந்த வாய்ப்பு இல்லாதவர்களின் மெட்டு மறைந்துபோனதை அவர்களுடைய தகுதிக் குறைவாகக் கணக்கில் வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. எனவே, 'இன்றைய கச்சேரி மேடையில் இவருடைய பாட்டு உயிரோடு இருக்கிறதா?' என்பதை வைத்துச் சேருங்கள். இராகத்தைப் பற்றிக் கேட்கும்போது மட்டும் 'இன்று பாடப்படும் முறையில்' என்று ஒரு சொல்லைக் கூட்டிக்கொள்ளுங்கள். மாரிமுத்தாப் பிள்ளையின் 'காலைத் தூக்கி நின்றாடும்' யதுகுல காம்போதியில் ஒலிக்கும்போது அவையில் யாரும் இலக்கணம் கேட்பதில்லை.

உங்கள் ஊருக்கே உரிய இன்னொருவர் பெயரை யாரும் சொல்லவில்லையே என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. மாயூரத்தில் முன்சீபாக இருந்து, 1879இல் தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை, சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளையும் பாடியவர். நாவலாசிரியராகப் பாடப்புத்தகத்தில் படித்த பெயரைக் கீர்த்தனாசிரியராகக் கேட்கும்போது மாணவர்கள் திகைப்பார்கள். வாதாபி கணபதியை நாற்பதாவது முறையாகக் கேட்பதைவிட அது மேல்.

சுருதிபெட்டி

காரைமடந்தை அம்மா சொல்வதில் உள்ள நியாயத்தை மறுக்கவில்லை. 'வாக்கேயக்காரர்' என்ற தலைப்பைப் 'பாடல் ஆசிரியர்களும் இசையமைத்தவர்களும்' என்று மாற்றிக்கொண்டால் என் ஆட்சேபம் தானாகவே விலகிவிடும். தலைப்பை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே எல்லோரையும் சேர்ப்பதைத்தான் ஏற்க முடியாது. காரைக்கால் அம்மையாரைப் பற்றிய கேள்வியைப் பண்களோடு சேர்த்து இராகப் பகுதியில் வைப்பது இன்னும் பொருத்தமாக இருக்கும் என்பது என் எண்ணம். அதைக் குழு முடிவு செய்யட்டும்.

மயூரவாசி

மூவருக்கும் நன்றி. நேற்று குழுவில் இந்தப் பதில்களைப் படித்துக் காட்டினேன். தலைப்பை மாற்ற எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். இப்போதைக்கு முடிவான பெயர்கள்: புரந்தரதாசர், க்ஷேத்ரக்ஞர், பத்ராசலம் இராமதாசர், சீர்காழி மூவர் என்று எங்கள் பக்கத்தில் சொல்லப்படும் முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை, பிறகு மும்மூர்த்திகள், சுப்பராய சாஸ்திரி, சுவாதித் திருநாள், கோபாலகிருஷ்ண பாரதியார், வேதநாயகம் பிள்ளை, பட்டணம் சுப்பிரமணிய ஐயர், வாசுதேவாச்சாரியார், முத்தையா பாகவதர், பாபநாசம் சிவன், அம்புஜம் கிருஷ்ணா. அன்னமாச்சாரியாரும் ஆண்டாளும் பாரதியாரும் 'பாட்டு ஒருவர், மெட்டு ஒருவர்' சுற்றுக்குப் போகிறார்கள். இளையராஜா கேள்வியும் அங்கேதான். காரைக்கால் அம்மையார் இராகப் பகுதியில் முதல் கேள்வி. கோடீஸ்வர ஐயரை எழுபத்திரண்டு மேளகர்த்தா இராகங்களைப் பற்றிய கேள்விக்கு மாற்றிவிட்டோம்.

எஞ்சியிருப்பவை இரண்டு. ஊத்துக்காடு வேங்கடகவியின் 'அலைபாயுதே' இல்லாமல் மாணவர்களுக்கு ஒலிச்சுற்று ருசிக்காது. ஆனால் அவர் காலத்தைப் பற்றிய விவாதம் ஓயவில்லை. சுவாதித் திருநாள் பாடல்கள் உண்மையில் அவருடையவைதானா என்று வீணை எஸ். பாலசந்தர் எழுப்பிய கேள்வியையும் குழுவில் ஒருவர் நினைவூட்டினார். இவர்களை எப்படிக் கையாள்வது? இத்துடன், கோபாலகிருஷ்ண பாரதியார் திருவையாற்றுக்குச் சென்றபோது தியாகராஜர் கேட்டுக்கொண்டதற்கு இணங்கி ஆபோகியில் 'சபாபதிக்கு வேறு தெய்வம்' பாடினார் என்ற செய்தியைக் கேள்வியாக வைக்கலாமா?

வினாப்பித்தன்

ஊத்துக்காட்டாரின் பாட்டைக் கேளுங்கள், காலத்தைக் கேட்காதீர்கள். 'அலைபாயுதே'யை ஒலிக்கவிட்டு இராகம் கேட்டால் கானடா என்ற விடைக்கு எதிர்ப்பேச்சு வராது. 'தாயே யசோதா'வுக்குத் தோடியும் அப்படித்தான். இருபதாம் நூற்றாண்டில் அவருடைய பாடல்களை மேடைக்குக் கொண்டுவந்தவர் யார் என்று பெரியவர்களைச் சோதிக்கலாம். நீடாமங்கலம் கிருஷ்ணமூர்த்தி பாகவதர் என்பது தெளிவான விடை.

சுவாதித் திருநாளை (1813–1846) எந்தப் பாடலை இயற்றினார் என்ற கோணத்தில் அணுகாமல் அவருடைய அவையைச் சுற்றிக் கேளுங்கள். தஞ்சை நால்வர் எனப்படும் சகோதரர்களில் திருவிதாங்கூர் அரசவையில் இருந்தவர் யார் என்றால் வடிவேலு. சுவாதித் திருநாள் குழந்தையாக இருந்தபோது 'ஓமனத்திங்கள் கிடாவோ' என்ற தாலாட்டை இயற்றியவர் யார் என்றால் இரயிம்மன் தம்பி. பாலசந்தர் எழுப்பிய சர்ச்சையை எந்தப் பக்கம் நின்று பார்ப்பவருக்கும் இவற்றில் சிக்கல் இல்லை.

ஆபோகிச் செய்தியைப் பொறுத்தவரை, 'நடந்தது' என்று சொல்லிக் கேட்காமல், 'தியாகராஜரைச் சந்தித்தபோது பாடியதாகச் சொல்லப்படும் தமிழ்ப் பாடல் எது?' என்று கேட்டுவிடுங்கள். அதைவிட உறுதியான கேள்வி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் படிக்க மாயூரத்துக்கு வந்த ஒரு மாணவர், கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசையும் கற்கத் தொடங்கி, இசையில் கவனம் சென்றால் இலக்கணப் படிப்பு கெடும் என்று ஆசிரியர் கருதியதால் அதை விட்டுவிட்டார். யார் அந்த மாணவர்? உ.வே.சா. தம் வரலாற்றில் தாமே எழுதியிருப்பதால் நடுவருக்குக் கவலை இல்லை. பாரதியாருக்கு நீங்கள் எழுதி வைத்த மூன்று கேள்விகளில் இதுவும் ஒன்றாக இருந்தால் சரி. இல்லையென்றால் நான்காவதாகச் சேர்த்துவிட்டு, பட்டணம் சுப்பிரமணிய ஐயர் பகுதியில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். கதனகுதூகலத்தை உருவாக்கியவர் யார் என்ற கேள்வி மட்டும் அவருக்கு இருக்கட்டும். அந்த இராகத்தில் அவர் இயற்றிய 'ரகுவம்ச சுதா'வின் சிட்டஸ்வரத்தை (பாட்டோடு சேர்த்து அமைக்கப்பட்ட சுரப் பகுதியை) வயலினில் ஒலிக்கவிட்டுக் கேட்டால் கடைசி வரிசையில் உள்ள பிள்ளையும் கை தூக்கும்.